மருந்துப் பாட்டு

கடைக்காரர்கள் ஒரு கையில் சுண்ணக்கட்டியும் மறுகையில் ஈரத்துணியுமாக நின்ற காலம் அது. காலையில் பலகையில் எழுதிய விலை நண்பகலில் பழையதாகிவிடும். அழித்து எழுதுவார்கள், மாலையில் மீண்டும் அழிப்பார்கள். சலூன் வைத்திருந்த சபாபதி, சவரக்கத்தியைத் துடைக்க அரசாங்கத்தின் நோட்டுகளையே பயன்படுத்தினார். பழைய செய்தித்தாள் அவற்றைவிட விலை கூடியிருந்தது.

கடல் சூழ்ந்த அந்த நாட்டில், துறைமுகக் கடைவீதி முடியும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடத்தின் குரு திருவிளங்கம்மைக்கு நாற்பது வயதுதான். அவருடைய சீடர்களுள் மூத்தவரான அருளம்பலத்துக்கோ அறுபத்தெட்டு. தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின் ஞானம் தேடி வந்தவர். அவர் குருவைத் ‘தாயே’ என்பார். குரு அவரை ‘ஐயா’ என்பார்.

மடத்தில் நாள்தோறும் ஊருக்குக் கஞ்சி வார்ப்பது அருளம்பலத்தின் பொறுப்பு. வெளிநாட்டு அன்பர்கள் அனுப்பும் காணிக்கை, வங்கி வழியாக வந்து சேர்வதற்குள் இளைத்து எலும்பாகிவிடும். அதைக் கண்டு மனம் வெதும்பியவர், குருவிடம் சொல்லிவிட்டு, காணிக்கையைக் கிரிப்டோ நாணயமாகப் பெறத் தொடங்கினார். அது செல்பேசிக்கு நொடியில் வந்தது. கஞ்சிப்பானையில் அகப்பை அடி தட்டுவது நின்றது. கஞ்சியில் பருப்புக்கூடத் தென்பட்டது.

ஒரு மாலை அவர் குருவின் எதிரில் வந்து அமர்ந்தார்.

“தாயே, ஒரு கேள்வி.”

“கேளுங்கள் ஐயா.”

“இந்த நாணயம் எளிய மக்களைக் காக்குமா, காக்காதா? தாங்கள் ஒரு சொல் சொன்னால் கடைவீதியே நாளை இதற்கு மாறிவிடும். நான் சொன்னால், ‘பெரியவருக்குப் பொழுது போகவில்லை’ என்று சிரிக்கிறார்கள்.”

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “கடைவீதியில் இப்போது மிகவும் திண்டாடுபவர் யார்?”

“அப்பக்கடைப் பாக்கியவதி, தாயே. கணவனுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாவிட்டால் உயிருக்கே மோசம். மகன் கப்பலில் வேலை செய்து பணம் அனுப்புகிறான். அது நோட்டாக மாறிக் கைக்கு வரும்போது ஒன்றுக்கும் பயன்படுவதில்லை. மருந்துக்கடை மரைக்காயரும் நோட்டு வாங்குவதில்லை. டாலர் கொடு, இல்லையேல் இந்த நாணயம் கொடு என்கிறார்.”

“அப்படியானால் முதலில் பாக்கியவதி ஒருத்திக்குச் செய்து கொடுங்கள். பிறகு வந்து கேளுங்கள்.”

“விடை, தாயே?”

“இந்தக் கீரைக்கட்டையும் ஆய்ந்து கொடுங்களேன்.”

அருளம்பலம் கீரை ஆய்ந்தார்.

மறுநாளே அப்பக்கடைக்குப் போனார். பாக்கியவதியின் செல்பேசியில் அந்த நாணயத்துக்கு ‘வாலட்’ எனப்படும் ஒரு பை உண்டாக்கினார். பைக்குச் சாவியாகப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் திரையில் வந்தன.

“கவனமாகக் கேளம்மா. செல்பேசி தொலைந்தாலும் கவலையில்லை. இந்தச் சொற்களை வேறொரு செல்பேசியில் வரிசையாக இட்டால் பை திறந்துகொள்ளும். ஆனால் சொற்கள் பிறர் கைக்குப் போனால், பணமும் அவரோடு போய்விடும். எங்கும் எழுதாதே. எவரிடமும் சொல்லாதே. மனப்பாடம் செய்.”

“எனக்கு இங்கிலீஷ் வராதே அண்ணே.”

“பொருள் வேண்டாம். ஒலி போதும்.”

அவர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். லெமன், லேடர், டைகர், அம்ப்ரெல்லா என்று தொடங்கி ‘அங்கிள்’ என்று அவை முடிந்தன. பாக்கியவதி மாவைக் கலக்கியவாறே திருப்பிச் சொன்னாள்.

“கடைசியில எந்த அங்கிள் அண்ணே? நீங்களா?”

“விளையாடாதே. சத்தியம் செய். எவரிடமும் சொல்லமாட்டேன் என்று.”

“சத்தியமா யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீங்க?”

“படித்ததை மறந்துவிடுவது என் கடமை,” என்றார் அருளம்பலம். எதையும் செப்பமாகச் செய்பவர் அவர். அன்றிரவு உறங்கும்முன் மறந்தும் போனார்.

மடத்துக்கு வந்து குருவிடம் நடந்ததைச் சொன்னார். “எவரிடமும் சொல்லமாட்டாள், தாயே. சத்தியம் வாங்கியிருக்கிறேன்.”

“பாக்கியவதி சொன்ன சொல் தவறமாட்டாள்,” என்றார் குரு. அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அருளம்பலம் அதைக் கவனிக்கவில்லை.

அந்தக் கடைவீதியில் மனப்பாடம் என்றால் ஒரே வழிதான் உண்டு. தோணி புறப்படும் நேரமா, பெருக்கல் வாய்பாடா, மாமியார் வீட்டு முகவரியா, எதுவானாலும் மெட்டுக் கட்டிப் பாடித்தான் மனத்தில் ஏற்றுவார்கள். பொறியாளராக ஊர் ஊராய்ச் சுற்றியவர் அருளம்பலம். கடைவீதியின் இந்த வழக்கம் அவர் நினைவுக்கு வரவில்லை.

மகன் அனுப்பிய பணம் கடல் தாண்டி நொடியில் வந்தது. மருந்துக் கப்பல் வந்ததும் மரைக்காயர் அதை வாங்கிக்கொண்டு இன்சுலின் கொடுத்தார். பாக்கியவதியின் கணவர் எழுந்து உட்கார்ந்து, அப்பத்தில் உப்புக் குறைவு என்று குற்றம் சொல்லும் அளவுக்குத் தேறினார்.

அடுத்த மாதம் நாணயத்தின் விலை சரிந்தது. மயங்கி விழுந்து சில நாள் படுத்திருந்த அருளம்பலம் எழுந்து வந்ததும் பாக்கியவதி கேட்டாள்.

“ஏண்ணே, நோட்டுதான் இளைக்கும்னீங்க. இதுவும் இளைச்சிருக்கே?”

“இது மறுபடி ஏறும் அம்மா.”

“நோட்டு?”

“அது ஏறாது.”

“அப்ப இதுவே இருக்கட்டும். ஆனா இது ஏறுற வரைக்கும் அவரோட சர்க்கரை காத்திருக்குமாண்ணே?”

அருளம்பலம் அவள் கொடுத்த அப்பத்தைத் தின்றார். உப்பு உண்மையில் குறைவாகத்தான் இருந்தது.

அடுத்த மருந்துக் கப்பல் வரவேண்டிய நாளன்று அவர் சபாபதியின் சலூனில் சவரத்துக்கு அமர்ந்திருந்தார். சபாபதி அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தொண்டையில் கத்தியை வைத்து, மெல்லப் பாடத் தொடங்கினார்.

“லெமன் லேடர் டைகரு… தந்தானே அம்ப்ரெல்லா…”

அருளம்பலம் நாற்காலியில் நெளிந்தார். மறந்துபோயிருந்த சொற்கள் கேட்டவுடன் அடையாளம் தெரிந்தன. வாயைத் திறந்தால் கத்தி பதம் பார்த்துவிடும். திறக்காமல் இருக்கவும் முடியவில்லை.

“ஆடாதீங்க அண்ணே. கழுத்து உங்களோடதுதான்.”

“சபாபதி… இந்தப் பாட்டு… உனக்கு எப்படி?”

“இதுவா? பாக்கியவதி அப்பம் சுடும்போது பாடுவாளே. நம்ம மடத்து விளக்குப் பூசை மெட்டுதான். மீன்காரி திலகா என்னைவிட நல்லாப் பாடுவா.”

அருளம்பலம் பாதிச் சவரத்தோடு எழுந்து ஓடினார். ஒரு கன்னத்தின் நுரை காற்றில் பறந்தது. பூட்டின் சாவி தெருத்தெருவாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. இந்நேரம் பை காலியாகியிருக்கும். தாம் தந்த நம்பிக்கையால் ஒரு மனிதனின் மருந்து போயிற்று.

அப்பக்கடையில் அடுப்பு அணைந்திருந்தது. பாக்கியவதி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் கடைவீதிப் பெண்கள் நின்றார்கள்.

“போச்சுண்ணே,” என்றாள் அவள். “அரிசிக்கு வரிசையில நின்னேன். கைப்பையை அறுத்துட்டான். செல்போன் போச்சு.”

மீன்காரி திலகா அறுந்த கைப்பையைத் தூக்கிக் காட்டினாள். “நோட்டுக்கட்டை மட்டும் அப்படியே திரும்ப வச்சிட்டுப் போயிருக்கான் அண்ணே. சுமக்க முடியலையோ என்னவோ!”

எவரும் சிரிக்கவில்லை. கடைசிக் குப்பி மருந்து காலையோடு தீர்ந்திருந்தது. துறையில் கப்பல் வந்துவிட்டது. மரைக்காயரின் பனிப்பெட்டியில் இருப்பது மாலைக்குள் விற்றுப்போகும். அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம் ஆகும்.

“செல்பேசி போனால் போகட்டும்,” என்று அருளம்பலம் தம் செல்பேசியை எடுத்தார். “சொற்களைச் சொல். விரைவாகச் சொல் அம்மா. மின்சாரம் நின்றால் செல்பேசிக் கோபுரமும் நின்றுவிடும்.”

“லெமன்… லேடர்… டைகர்… அம்ப்ரெல்லா…” பாக்கியவதி நின்றாள். மீண்டும் தொடங்கினாள். மீண்டும் அதே இடத்தில் நின்றாள். “வரலைண்ணே. பாட்டு வரலை. அவரு முகந்தான் வருது. நீங்க சொல்லுங்க. நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க!”

அருளம்பலமோ மறப்பது கடமை என்று மறந்தவர்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. சோப்புக் கையோடு அவரைத் துரத்தி வந்திருந்த சபாபதி பாடினார்.

“அம்ப்ரெல்லா… வெல்வெட்டு…”

“பெப்பரு,” என்றாள் திலகா, மெட்டு விடாமல். காய்கறிக்காரி அடுத்த சொல்லை எடுத்தாள். சைக்கிள் கடைக்காரர் இன்னொன்றைத் தொடர்ந்தார். அதற்குள் பாக்கியவதிக்கும் குரல் வந்துவிட்டது. எல்லாருமாகச் சேர்ந்து ‘அங்கிள்’ என்பதை, பூசைப் பாட்டின் முடிவைப் போல, மூன்று முறை இழுத்து முடித்தார்கள். ஒரு முறை போதும் என்று அருளம்பலம் கையசைத்துத் தடுக்க வேண்டியிருந்தது.

அவர் சொற்களை இட்டார். பை திறந்தது. உள்ளே பார்க்க அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னண்ணே?”

அவர் கண்ணைத் திறந்தார். மகன் அனுப்பிய நாணயம் ஒரு துளியும் குறையாமல் இருந்தது. விலை இறங்கியிருந்ததால் முழு மாதத்துக்கான மருந்துக்குப் போதாது. பாதி மாதத்துக்குப் போதும்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். “இந்தப் பாட்டு என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன?” என்றாள் திலகா. “அவ வீட்டுக்காரரோட மருந்துப் பாட்டு.”

“இதைக் கொண்டு எவரும் பணத்தை எடுத்துவிடலாம் என்றும் தெரியுமா?”

“அதுவுந் தெரியும். சைக்கிள் கடைக்காரரு சொன்னாரு.”

“ஒருவருக்குமா ஆசை வரவில்லை?”

“ஆசை வராம இருக்குமா அண்ணே?” என்றார் சபாபதி. “எனக்கு ரெண்டு தடவை வந்துச்சு. அப்புறம் காலையில அப்பம் திங்க எந்த மூஞ்சியோட இங்க வர்றது?”

பாக்கியவதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருளம்பலத்தைப் பார்த்தாள். “திட்டாதீங்கண்ணே. நான் யாருகிட்டயும் சொல்லலை. பாடத்தான் செஞ்சேன்.”

அவர் அவளைத் திட்டவில்லை. இருவருமாக மரைக்காயரிடம் ஓடினார்கள். நாணயம் கைமாறிய சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. மரைக்காயர் குப்பிகளை எண்ணிப் பனிக்கட்டியோடு கட்டிக் கொடுத்துவிட்டு, அருளம்பலத்தின் பாதி முகத்தைப் பார்த்தார்.

“என்ன காக்கா, அண்ணனுக்குச் சவரமும் பாதி விலைதானா?”

அன்று மாலை அருளம்பலம் குருவின் முன் வந்து அமர்ந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சபாபதிக்கு இரண்டு முறை ஆசை வந்ததைச் சொன்னபோது குரு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“பாக்கியவதிக்குப் புதிய பை செய்து கொடுத்துவிட்டேன், தாயே. புதிய சொற்கள். வரிசையில் நின்ற அந்தத் திருடனுக்கும் காது உண்டல்லவா? இனிமேலாவது பாடாதே என்றேன். ‘அப்ப நான் மறந்தா யாரு எடுத்துக் குடுப்பா’ என்று கேட்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல் வந்துவிட்டேன்.”

“பதில் சொல்லாமல் வந்தது நல்லது.”

“இப்போதாவது என் கேள்விக்கு விடை சொல்லுங்கள். இந்த நாணயம் எளிய மக்களைக் காக்குமா?”

கஞ்சிப்பானை கழுவப்படும் ஓசை கேட்டது.

“ஐயா, நம் கஞ்சிக்கு வரும் காணிக்கையும் அப்படி ஒரு பையில்தானே இருக்கிறது?”

“ஆமாம், தாயே.”

“அதன் பன்னிரண்டு சொற்கள் யாருக்குத் தெரியும்?”

அருளம்பலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்கு ஒருவனுக்குத்தான். எங்கும் எழுதவில்லை. தங்களிடம்கூடச் சொன்னதில்லை.”

“மெட்டு?”

“மெட்டா? இல்லை, தாயே.”

“போன மாதம் மயங்கி விழுந்தீர்களே, அப்போது எத்தனை நாள் படுக்கையில் இருந்தீர்கள்?”

கடைவீதியின் நாளைய கஞ்சி முழுவதும் தம்முடைய ஒரு தலைக்குள் இருப்பது அப்போதுதான் அருளம்பலத்துக்கு உறைத்தது.

குரு எழுந்து, தம் மேல்துண்டின் முனையால் அவர் காதோரம் காய்ந்திருந்த சோப்பைத் துடைத்துவிட்டார்.

“காலையில் சபாபதியிடம் போய் மற்றக் கன்னத்தையும் சவரம் செய்துகொள்ளுங்கள், ஐயா. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் பாடிக்கொண்டிருங்கள்.”