அரை நிமிடக் கெடு

“டிஸ்க் பதில் சொல்ல மாட்டேங்குது டீச்சர்” என்றார் அமலதாஸ்.

“எவ்வளவு நேரம் பார்த்தீங்க?”

“அரை நிமிஷம்.”

“அப்புறம்?”

“ரீசெட்.”

“அப்புறம்?”

“மறுபடி அரை நிமிஷம். மறுபடி ரீசெட். நாலஞ்சு தடவை பார்த்துட்டு, செத்துப்போச்சுன்னு சொல்லிக் கழட்டி விட்டுடும். கெர்னல்ல நானே மாத்தி எழுதினேன்.”

கடைசி வரியில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஜமீலா மேசையில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

“இது சும்மா இல்லண்ணே. எதையோ தேடிக்கிட்டிருக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். டிஸ்க் சுருதி இறங்கி, மறுபடி ஏறியது.

“அரை நிமிஷம் ஆயிடுச்சு” என்றார் அமலதாஸ்.

ஜமீலா எட்டி ஸ்விட்சை அணைத்தார்.

“இந்த மாதிரி டக்கு டக்குன்னு அடிச்சா இன்னும் ரொம்ப நாள் தாங்காது.”



*

கெர்னல் என்பது கணினியின் உள்ளே இருப்பது. திரையில் தெரியாது. மேலேயிருந்து வரும் கேள்வியை டிஸ்க்கிடம் கொண்டுபோவதும், டிஸ்க் தரும் பதிலை வாங்கிவந்து கொடுப்பதும் அதன் வேலை. டிஸ்க் வாய் திறக்காவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது பிடரியில் தட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வது என்பதையும் அதுதான் தீர்மானிக்கும். அந்தத் தட்டலுக்குப் பெயர் ரீசெட்.

ஜமீலா பெங்களூரில் பல வருஷம் அந்த இடத்துக்கு நிரல் எழுதியவர். அங்கே வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அதையே சொல்லிக் கொடுத்தார். அமலதாஸைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் ‘டீச்சர்’ என்பார், இவர் ‘அண்ணே’ என்பார். இருவருக்கும் அது உறுத்தவில்லை.

அமலதாஸ் படிக்க வந்தவரே இல்லை. இந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு, “இதுல இருக்கிறதை எடுத்துக் குடுங்கம்மா” என்று வந்தார்.

“நீங்களே எடுங்க” என்று உட்கார வைத்துவிட்டார் ஜமீலா.

*

டிஸ்க்கில் இருந்தது ஒரு குரல்.

ஊரின் பழைய பேருந்து நிலையத்தில் அமலதாஸ் டைம் கீப்பர். கையில் கடிகாரம், வாயில் விசில். அவர் தலைக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் ஓர் அறை. அங்கே மைக் முன்னால் வைத்திலிங்கம்.

“மன்னார்குடி... வழியாகத் திருத்துறைப்பூண்டி... செல்லும் பயணிகள்...”

அந்த ‘ப்பூண்டி’யை அவன் ஓர் இழுப்பு இழுப்பான். வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள் அது முடியும்வரை கூவ மாட்டார்கள். பெஞ்சில் தூங்கும் ஆள், கண்ணைத் திறக்காமலே பையைத் தூக்கித் தோளில் போடுவார். பேராவூரணிப் பஸ்ஸில் தவறி ஏறிய கிழவிகூட அந்தக் குரல் கேட்டதும் இறங்கிவிடுவாள்.

இவர் விசில் அடிப்பார், அவன் பேசுவான். அப்படியே ஓடிற்று இருபது வருஷத்துக்கு மேல்.

ஒருநாள் அலுவலகத்தில் கணினி வாங்கினார்கள். வைத்திலிங்கத்தை உட்கார வைத்து எல்லா ஊரையும் பதிவு செய்தார்கள். பிறகு பேருந்து நிலையமே ஊருக்கு வெளியே போயிற்று. அங்கே பேசுவது இயந்திரம். எந்த ஊரையும் இழுக்காது. பழைய கணினியை எடைக்குப் போட்ட அன்று, கேட்டு வாங்கி டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தார் அமலதாஸ்.

எதற்கு என்று அப்போது அவருக்கே தெரியாது.

போன வருஷம் வைத்திலிங்கத்துக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதை விரலால் மூடிக்கொண்டு மூச்சைக் கூட்டினால், ஓட்டைத் துருத்தி மாதிரி ஒரு பேச்சு வரும். வருவதற்கு நேரமாகும்.

அப்படித்தான் ஒருநாள் சொன்னான்: “என் குரலை... ஒரு தடவை... கேக்கணும்டா.”

வேறெங்கும் அந்தப் பதிவு இல்லை.

*

“அவரைக் கூட்டிட்டு வாங்க” என்றார் ஜமீலா.

“டிஸ்க்குக்கும் அவனுக்கும் என்ன டீச்சர்?”

“கூட்டிட்டு வாங்கண்ணே.”

மறுநாள் காலையில் வைத்திலிங்கம் வந்தான். மாடி ஏறிய இரைப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கழுத்தில் கதர்த் துண்டு.

“உங்களுக்குப் பிடிச்ச ரூட் எது?” என்று கேட்டார் ஜமீலா.

வைத்திலிங்கம் யோசித்தான். துண்டை விலக்கினான். விரலைக் கழுத்துக்குக் கொண்டு போனான்.

“வேதாரண்யம்தான் டீச்சர்” என்றார் அமலதாஸ்.

வைத்திலிங்கம் இல்லையென்று தலையாட்டினான். விரலை எடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி வைத்தான்.

“அப்ப பட்டுக்கோட்டையாடா? ஒரத்தநாட்டுல நின்னு போற வண்டி?”

இல்லை. மறுபடி மூச்சு. மறுபடி விரல்.

“முதல்லேர்ந்து சொல்லுடா. மெதுவா சொல்லு. தண்ணி குடிக்கிறியா?”

வைத்திலிங்கத்தின் கை மடியில் விழுந்தது. அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அவனால முடியல டீச்சர். பாவம்.”

“கீழே போய் மூணு டீ வாங்கிட்டு வாங்கண்ணே.”

*

டீக்கடையில் கூட்டம். பால் தீர்ந்து, புதுப் பால் காயும்வரை நிற்கவேண்டியதாயிற்று. நின்ற இடத்தில் அமலதாஸின் கால் நிலைகொள்ளவில்லை. கடைக்காரரை மூன்று தடவை விரட்டினார்.

“விசில் ஒண்ணுதான் பாக்கி, அடிச்சிருங்க” என்றார் கடைக்காரர்.

மேலே ஏறி வந்தபோது, வைத்திலிங்கம் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். ஜமீலா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

“டிரைவர் இல்லாத பஸ்ஸுக்கு விசில் அடிச்சீங்களாமே!”

அமலதாஸின் முகம் சிவந்தது.

“அதைச் சொல்லிட்டானா?”

“முழுசா சொன்னாரு. கண்டக்டரும் ரெண்டு மணி அடிச்சுட்டாராம். வண்டி நகரல. நீங்க மறுபடி விசில், மறுபடி விசில். கடைசியில இவர் மைக்ல, ‘நாகூர் செல்லும் பேருந்தின் ஓட்டுநர், வடையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே வரவும்’னு...”

வைத்திலிங்கம் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

“அதனால நாகூர் ரூட்தான் பிடிக்குமாம்.”

அமலதாஸ் டீக் கிளாஸ்களை வைத்தார். இவ்வளவையும் அவன் பேசினானா? அந்தக் குரலிலா? ஆபரேஷனுக்குப் பிறகு தன்னிடம் மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் அவன் பேசியதே இல்லை.

“நீங்க என்ன கேட்டீங்க டீச்சர்?”

“ஒண்ணும் கேக்கல. சும்மா உக்காந்திருந்தேன்.”

அமலதாஸ் நண்பனைப் பார்த்தார். பிறகு அந்த டிஸ்க்கைப் பார்த்தார்.

டீயைத் தொடவில்லை. கணினியின் முன் போய் உட்கார்ந்து, தான் எழுதிய வரிகளைத் தேடிப் பிடித்து அழித்தார். அரை நிமிடக் கெடு போயிற்று. ரீசெட்டும் போயிற்று.

“அந்த இடத்துல எவ்வளவு நேரம் போடட்டும் டீச்சர்?”

ஜமீலா டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

அமலதாஸே ஒரு கணக்குப் போட்டார். பெரிய கணக்கு. ஸ்விட்சைத் தட்டினார்.

*

டிஸ்க் சுழன்றது. உள்ளே ஏதோ நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்து அதே இடத்தைத் தடவியது.

அரை நிமிடம் ஆனது. அமலதாஸின் வலது கை தானாக வாய்ப்பக்கம் எழுந்தது. அதை இடது கையால் பிடித்து இறக்கி வைத்தார்.

டீ ஆறியது. கீழே ஜவுளிக்கடையில் யாரோ புடவைக்கு விலை பேசி முடித்து, மறுபடி முதலிலிருந்து பேசினார்கள்.

டிஸ்க் இன்னும் அதே இடத்தில்தான் தடவிக்கொண்டிருந்தது.

அப்புறம் அடுத்த இடத்துக்குப் போனது.

ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. அதன் பின்னால் பஸ் ஹாரன், கூட்டத்தின் இரைச்சல். அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வந்தது அந்தக் குரல்.

“பயணிகளின் அன்பான கவனத்திற்கு. மன்னார்குடி... வழியாகத் திருத்துறைப்பூண்டி...”

அமலதாஸின் மனதில் வெயிலும், வெள்ளரிப்பிஞ்சும், இரும்புப் படியின் சூடும் ஒன்றாக வந்து போயின. 

வைத்திலிங்கம் அசையாமல் கேட்டான். ஓர் ஊரையும் விடவில்லை. கடைசி அறிவிப்பு முடிந்து கரகரப்பும் ஓய்ந்தது.

‘எப்படிடா இருக்கு?’ என்று கேட்க வாயெடுத்தார் அமலதாஸ். கேட்கவில்லை.

வைத்திலிங்கம் துண்டை விலக்கினான். விரலை வைத்தான். எடுத்தான். மூச்சு வாங்கினான். சன்னல் வழியே தெருவைப் பார்த்தான். மறுபடி விரலை வைத்தான்.

அமலதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து வைத்திலிங்கம் சொன்னான்:

“ரொம்ப... அவசரமா... பேசியிருக்கேன்டா.”