எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நஸீமாவுக்கு வயது இருபத்தொன்பது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு நடத்தினாள். வந்தவர்கள் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள், சிங்கராயரைத் தவிர. அவர் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வயசுக்காரியை வாய் நிறைய "டீச்சர்" என்று கூப்பிடுவார். பிள்ளைகள் சிரிக்கும். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் அவர் மனைவி லூர்துக்குக் காது போய்விட்டது. தன் குரலே தனக்குக் கேட்காததால் அவள் பேச்சையும் குறைத்துக்கொண்டாள். அடுப்பைப் பார்த்து நிற்கிறவள் பக்கத்தில் இவர் போய் நின்றால் பதறிவிடுகிறாள். போன மாதம் அப்படிப் பதறியதில் கொதிக்கிற ரசம் கையில் கொட்டிவிட்டது. அதிலிருந்து அவர் நேராக உள்ளே போவதில்லை. அவள் தற்செயலாகத் திரும்பிப் பார்க்கும்வரை வாசலிலேயே நிற்பார், சொந்த வீட்டில் கடன் கேட்க வந்தவர் மாதிரி.

அவருக்கு வேண்டியது இதுதான். வாசலில் ஒரு பொத்தான், அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு சின்னத் திரை. பொத்தானை அமுக்கினால் திரை மின்னி, வந்திருப்பது யார் என்று சொல்ல வேண்டும். லூர்துக்குத் தெரிந்த தமிழில் சொல்ல வேண்டும்.

"ஒரு பல்பு போதாதா அங்கிள்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"பல்பு யாரோ வந்துட்டாங்கன்னுதாம்மா சொல்லும். அதுக்கும் பயப்படுவா."

முதல் வாரம் திரையின் நான்கு வயர்களையும், அதை இயக்குகிற சின்ன போர்டில் மாட்டினார். திரை நீலமாக எரிந்தது. ஓர் எழுத்தும் வரவில்லை. வயரை மாற்றினார், போர்டை மாற்றினார், திரையையே புதிதாக வாங்கினார். அப்போதும் அதே நீலம்தான். மூன்றாம் வாரம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து நஸீமாவின் மேஜைமேல் வைத்தார்.

"நான் சொல்றது எதுவுமே இதுக்குப் போய்ச் சேரல டீச்சர். இந்த வேலை எனக்குச் சரிப்படாது."

நஸீமா எல்லாவற்றையும் பழையபடி மாட்டி மின்சாரம் கொடுத்தாள். திரையைத் திருப்பினாள். அதன் முதுகில் கடுகளவு திருகாணி ஒன்று இருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதைக் கால் சுற்று திருப்பி, திரையை அவர் பக்கம் காட்டினாள். அவர் முதல் நாள் எழுதிய ஆங்கில 'ஹலோ' பளிச்சென்று நின்றது.

"அன்னைக்கே போய்ச் சேந்துருச்சுய்யா. எழுத்து மங்கிக் கிடந்துச்சு, அவ்வளவுதான்."

சிங்கராயருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மூன்று வாரம் திட்டித் தீர்த்த திரையைத் துண்டால் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்த ஞாயிறு தொங்கின முகத்தோடு வந்தார்.

"தமிழ்ல போட்டா ஒரே கிறுக்கலா வருது டீச்சர்."

"அதுக்குத் தமிழ் தெரியாதுய்யா. ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சு நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

"குடுப்போம். எனக்கு வேற என்ன வேலை?"

"எட்டு எழுத்துதான் படிக்கும். ஒன்பதாவது சொல்லிக் குடுத்தா, முதல்ல படிச்சது அழிஞ்சுரும்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வாரம் முழுக்க அடித்து அடித்துத் திருத்தி எழுதியது. 'லூர்து, பயப்படாதே. உன் கணவர் சிங்கராயர் வாசலில் நிற்கிறேன். இதோ உள்ளே வருகிறேன்.' விரல் வைத்து எண்ணினார். முதல் வரி முடிவதற்குள்ளேயே எட்டு தாண்டிவிட்டது.

"இவ்வளவையும் எட்டு எழுத்துல எப்படி டீச்சர் சொல்றது?"

நஸீமா கதவைக் காட்டினாள்.

"கொஞ்சம் வெளிய போய் நில்லுங்கய்யா."

போனார். அவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். மாடிப்படி முனையில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு நிமிஷம் பார்த்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று யோசித்தார். கடைசியில் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து நஸீமாவின் குரல் வந்தது.

"நான்தான்."

கதவு திறந்தது. அவள் கையில் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தன.

"இது போதுமாய்யா?"

சிங்கராயர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் வாசலில் சொன்ன சொல். அவளுக்குக் காது போன பிறகு யாருக்குச் சொல்வது என்று விட்டுவிட்டார். விட்டுவிட்டோம் என்பதே இப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். திரும்பத் திரும்ப வருவதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும். ந, துணைக்கால், ன், த. மொத்தம் நாலு.

ஒவ்வொரு எழுத்துக்கும் குறுக்கே ஐந்து புள்ளி, நெடுக்கே எட்டுப் புள்ளி. அதற்குள் அடக்க வேண்டும். மத்தியானம்வரை பிடித்தது. அதிலும் 'ன்' இருக்கிறதே, தலையில் புள்ளியை வைத்துக்கொண்டு அடங்கவே மாட்டேன் என்றது. தீபாவளி பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி நெருக்கி நெருக்கி உள்ளே தள்ளினார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

திரை மின்னியது.

"நான்தான்," என்று அந்த மாணவி வாய்விட்டு வாசித்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சிங்கராயர் இன்னும் ஆறு தடவை அமுக்கிப் பார்த்தார். ஆறு தடவையும் சொன்னது. ஆசை யாரை விட்டது?

"இன்னும் நாலு எழுத்துக்கு இடம் இருக்குல்ல டீச்சர். அதுல என்ன போடலாம்? பயப்படாதேன்னு போடப் பத்துமா?"

"அதுல என்ன வேணும்னு அவங்கதான் சொல்லணும்."

அவருக்குப் புரியவில்லை. தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நஸீமாவைப் பார்த்தார்.

"அவளுக்குத்தான் காது கேக்காதே டீச்சர்."

நஸீமா வயர்களைச் சுருட்டி, திரையையும் போர்டையும் டப்பாவில் வைத்து மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்குக் கேக்கும்ல?"