மீனுக்குப் படைத்த சோறு

குரு என்றால் தாடி, காவி, ஆசிரமம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இந்தக் கதையின் குரு தமயந்தி என்ற சின்ன வயதுப் பெண். முதுகுப்பையில் சோதனைக் குழாய்களோடு எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்குவாள். சீடர் மாசிலாமணிக்கு அவள் அப்பா வயது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அங்கிள் என்பாள்.

அவர் வீட்டுக் கூடத்தில் மீனும் உயிர்ப் பவளமும் வளர்கிற ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. மனைவி செண்பகம் ஆசை ஆசையாக வளர்த்தது. அவள் இருந்தவரை இவர் அதன் பக்கம்கூடப் போனதில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள், தொட்டி இவர் தலையில் விழுந்தது. பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன. பாக்கி நின்றது ஒரே ஒரு பச்சைப் பவளம். கட்டைவிரல் அளவில் வாங்கி வந்து செண்பகம் தேற்றியது. அதுவும் போய்விட்டால், அவள் பார்த்துப் பார்த்து வளர்த்ததில் மிச்சம் மாசிலாமணி ஒருவர்தான்.

தொட்டியைப் பார்த்துச் சொல்ல அவர் கூப்பிட்டுத் தமயந்தி முதல் தடவை வந்தபோது அதன் நீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்தாள். ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கினாள். நீர் கருநீலமாகிவிட்டது.

"இவ்வளவு நீலம் காட்டக் கூடாது அங்கிள். தீனி மிஞ்சி அழுகினா வர்ற பாஸ்பேட் ஏறிக் கிடக்கு. அதான் பாசி மண்டுது, பவளம் சாகுது."

"இறக்குறதுக்கு மருந்து போட்டேனே டீச்சர். கடையில இரும்புத் துகள் குடுத்தாங்க. பை முழுக்கக் கொட்டினேன்."

"அப்புறம்?"

"கடையிலயே சோதிச்சுப் பார்த்தாங்க, நீலம் மடமடன்னு இறங்கிப் போச்சு. மறுநாள் பார்த்தா இந்தப் பச்சைப் பவளம் ஒரு பக்கம் வெளுத்துக் கிடக்கு. பயந்துபோய் அந்தத் துகளை எல்லாம் அள்ளிட்டேன். நீலம் திரும்ப ஏறிடுச்சு."

"ஒரேயடியா உறிஞ்சினா அது தாங்காது. மெல்லத்தான் இறங்கணும். தொட்டிக்குள்ள என்னென்ன போடுறீங்க?"

"மீன் தீனிதான். காலையில ஒரு சிட்டிகை. வேற ஒண்ணும் இல்ல."

பொய். பாவம், மனுஷனுக்கு அதுவும் ஒழுங்காகச் சொல்ல வராது. சொல்லும்போதே தரையைப் பார்த்தார்.

தமயந்தி நீளமான இடுக்கியை எடுத்துக் கற்களுக்குப் பின்னால் விட்டுத் துழாவினாள். ஊறிப் பருத்த சோற்றுப் பருக்கை ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே நாலைந்து. அப்புறம் ஒரு வாழைக்காய்த் துண்டு.

"உங்க மீன் வாழைக்காய்ப் பொரியல் சாப்பிடுமா அங்கிள்?"

மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கருமாதி அன்றைக்குக் காக்கைக்குப் படைத்த சோற்றை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துச் சுவருக்குப் போனாராம். பறவைக்குத் தீனி போட்டால் அபராதம் என்று அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பலகை தொங்குகிறது. தொங்கினால் தொங்கட்டும் என்று வைத்தார். வெயில் ஏறியது. மற்ற நாளில் குப்பைத் தொட்டியைச் சுற்றிக் கத்துகிற காக்கைகளில் ஒன்றைக்கூடக் காணோம். செண்பகம் எடுக்க வரவில்லையே, என்ன மனத்தாங்கலோடு போனாளோ என்று சுவரோரமே நின்றார். தட்டோடு உள்ளே வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். மீன்கள் அத்தனையும் கண்ணாடிக்கு ஓடி வந்தன. ஒரு கவளம் போட்டார். தின்றன. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மீன் எடுத்த பிறகுதான் இவருக்குச் சோறு இறங்கும்.

"அவ வந்து எடுத்துக்கிட்டா டீச்சர். நான் கண்ணால பார்த்தேன்."

தமயந்தி இடுக்கியைத் துடைத்து வைத்தாள்.

"செண்பகம் அம்மா இருந்தப்ப இதுல சோறு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருந்தா என் கையை ஒடிச்சிருப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மறுநாள் மத்தியானம் தட்டோடு உட்கார்ந்தார். மீன்கள் வழக்கம்போல வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். சோறு தொண்டையில் நின்றது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நின்றது. வாரம் தவறாமல் கொஞ்சம் தண்ணீரை மாற்றினார், பாசியைச் சுரண்டினார். கடையில் கொடுத்துச் சோதித்த குழாயில் நீலம் மட்டும் குறைவதாக இல்லை.

அடுத்த தடவை வந்த தமயந்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மாசிலாமணி பிடித்துக்கொண்டார்.

"உங்க பேச்சைக் கேட்டு அவளைப் பட்டினி போட்டேன். என்னத்தைக் கண்டேன்? அப்படியே இருக்கு பாருங்க."

கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"ஒரு வாளி குடுங்க அங்கிள்."

சுத்தமான தண்ணீரில் புதிதாக உப்பைக் கரைத்தாள். அதைச் சோதித்துக் காட்டினாள். குழாயில் நிறமே இல்லை. தொட்டியிலிருந்து கைப்பிடி அளவுக் கல் ஒன்றை எடுத்து வாளியில் போட்டாள். தண்ணீர் சுழல ஒரு குட்டி மோட்டாரையும் வைத்தாள்.

"இதுல ஒண்ணும் போடாதீங்க. அடுத்த ஞாயிறு வர்றேன்."

அவர் வாளியைத் தட்டு போட்டு மூடிக் காவல் காத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் குழாயை அவர் கையிலேயே கொடுத்தாள். அவரே நீர் எடுத்தார், அவரே பொடி போட்டார், குலுக்கினார். நீலம் ஏறியது.

"நான் ஒரு பருக்கை போடல டீச்சர். செண்பகம் மேல சத்தியம்."

"தெரியும்."

"பின்ன எங்கேருந்து வந்துச்சு?"

"கல்லுலேருந்து. நீங்க போட்டப்பல்லாம் அது குடிச்சு வச்சிருக்கு. இப்ப நிறுத்தினதும் வெளிய விடுது."

"எப்ப தீரும்?"

"மெல்லத் தீரும்."

"மெல்லன்னா எப்ப?"

"எனக்குத் தெரியாது அங்கிள். தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க."

மாசிலாமணி தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் தொண்டையில் அடைத்த சோறெல்லாம் வீணாகிப்போனது போல அவருக்கு ஆத்திரமாக வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"இந்தக் கல்லே வேணாம். எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டு இன்னிக்கே புதுக் கல் போட்டுடுறேன்."

முழங்கைக்கு மேல் நீருக்குள் கையை விட்டார். மீன்கள் சிதறி ஓடின. நடுவில் இருந்த பெரிய கல்லை இறுக்கிப் பிடித்தார்.

தமயந்தி அவரைத் தடுக்கவில்லை.

"எடுங்க அங்கிள். ஆனா மெதுவா. அம்மாவோட பவளம் அந்தக் கல்லைத்தான் பிடிச்சுக்கிட்டு உயிரோட இருக்கு."