நான்காவது உயில்

ஆவுடைநாயகம் மூன்று உயில் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டவர். முதலில் வீட்டைக் கோசாலைக்கு எழுதினார். எழுதிய நாளிலிருந்து தூக்கம் போயிற்று. பிறகு பள்ளிக்கூடத்துக்கு எழுதினார், அதன்பின் முதியோர் இல்லத்துக்கு. அப்போதும் தூக்கம் வரவில்லை. பத்திரம் எழுதுகிறவர் இவர் தலையைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான்காவதை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனார். சாமியார் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் சொன்னால் இவருக்கு வேதவாக்கு.

"சாமி, இந்தத் தடவை உங்க மடத்துக்கே எழுதிட்டேன். அப்பவும் மனசு ஒரு நிலையில நிக்க மாட்டேங்கு. யாருக்குக் குடுத்தா நிம்மதி வரும்?"

"வீட்டைப் பாக்கலாமா?" என்றார் சாமியார்.

கேட்டதற்கு இது என்ன பதில் என்று ஆவுடைநாயகத்துக்குப் புரியவில்லை. கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் மருமகள் செண்பகவடிவு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை, வேறு போக்கிடமும் இல்லை. மாமனாருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

அவள் கொடுத்த மோரைச் சாமியார் வாங்கிக் குடித்தார். பிறகு ஆவுடைநாயகம் கொடுத்திருந்த உயிலை அவளிடம் நீட்டினார்.

"கொஞ்சம் வாசிங்கம்மா, கேப்போம்."

ஆவுடைநாயகத்துக்குத் திக்கென்றது. இதுபற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். தன் காலத்துக்குப் பின் வீடும் மனையும் முழுக்க மடத்துக்கே என்ற இடத்தில் குரல் நின்றது. மீதியை மனதுக்குள் வாசித்தாள். திரும்ப முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

காகிதத்தை மடித்துச் சாமியாரிடமே கொடுத்தாள்.

"நல்ல காரியம் சாமி. அடுக்களை ஓடு ஒழுகும். மழைக்கு முந்தி மாத்திருங்க."

உள்ளே போய்விட்டாள்.

ஆவுடைநாயகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அவ நம்ம வீட்டுப் பிள்ளை, சாமி. அவளுக்குன்னு தனியா எழுதணுமான்னு விட்டுட்டேன்."

"சரி."

"சரின்னா? அவளுக்கு எழுதினா அது தானமாகாது. உங்களுக்கு எழுதினா அவ எங்க போவா? நான் இப்ப என்னதான் செய்ய? ஒண்ணும் விளங்கலையே."

சாமியார் மோர் குடித்த செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நான் குடுக்கதை நீங்க வாங்குவீங்களா, மாட்டீங்களா? அதையாவது சொல்லுங்க சாமி."

சாமியார் உயிலை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நீங்க எங்கய்யா குடுத்தீங்க? கடைசி வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கப் போறீங்க. வீட்டைக் குடுத்தவங்க இப்பத்தான் உள்ள போனாங்க. மடம் வாங்கிக்கிடட்டுமான்னு அவங்கள்ட்டக் கேட்டுட்டு வாங்க."