மன்னர் உடைக்க மறுத்த குடம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயர் எதற்கு? இழவு விழாத ராஜ்யம் ஏது? அந்த நாட்டு மன்னரின் ஒரே மகன், மீசை அரும்பும் வயதில், விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

சுடுகாட்டில் சிதை அடுக்கியாயிற்று. வழக்கப்படி மன்னர் நீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று முறை சுற்றினார். சுற்றுக்கொரு துளை போட்டதில் நீரெல்லாம் ஒழுகித் தீர்ந்தது. இனி குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுக் கொள்ளி வைக்க வேண்டும். மன்னர் உடைக்கவில்லை. பிள்ளையின் உயிர் இதற்குள்தான் இருக்கிறது, உடைத்தால் போய்விடும் என்று குடத்தைக் கட்டிக்கொண்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிட்டே போக ஒருவருக்கும் துணிவில்லை.

அந்த நேரத்திலும் அமைச்சர் அனந்தராயருக்குப் பழைய வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அரசவை விகடன் வெள்ளியம்பலம் மன்னருக்குச் செல்லமாயிருப்பது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மெல்ல எடுத்துக் கொடுத்தார்: உயிரும் பரம்பொருளும் ஒன்றே என்று சபையில் வாதாடியவன் இவன், பரம்பொருளிலிருந்து இளவரசரைப் பிரித்துக் குடத்தில் இட்டுத் தரட்டுமே.

மன்னர் சிவந்த கண்களோடு திரும்பினார். "இட்டுக் கொடு, வெள்ளியம்பலம். முடியாவிட்டால் இந்தச் சிதையில் நீயும் ஏறு."

வெள்ளியம்பலத்துக்குத் தன் உயிர்கூடப் பெரிதாகப் படவில்லை. மன்னர் அந்தக் குடத்தைத் தடவுவதுதான் தாங்கவில்லை. அவன் முதுகில் யானைச் சவாரி விளையாடி வளர்ந்த பிள்ளையல்லவா இளவரசன்.

"உத்தரவு மன்னா. குடத்தில் ஏற்கெனவே இருப்பதை அமைச்சர் கொட்டித் தரட்டும். இட்டுவிடுகிறேன்."

அனந்தராயர் குடத்தை வாங்கிக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் இல்லை, வெறும் வெளிதான் என்றார். அந்த வெளியைத்தான் கொட்டச் சொல்கிறேன் என்றான் விகடன். அமைச்சர் திரும்பக் கவிழ்த்தார், உதறினார், கைவிட்டுத் துழாவினார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் மனம் இல்லை.

மன்னரே பொறுக்காமல் சொன்னார். "எப்படிக் கொட்டுவீர்? உள்ளே இருப்பதுதானே சுற்றிலும் இருக்கிறது."

"அப்படியானால் இளவரசரை எங்கிருந்து பிரித்து எதற்குள் இடுவேன், மன்னா? நடுவே நின்றது இந்த மண் ஒன்றுதான்."

மன்னர் அமைச்சரிடம் கை நீட்டினார். குடத்தை வாங்கித் தோளில் வைத்து, திரும்பிப் பாராமல் பின்னால் விட்டார். அது நொறுங்கிய சத்தம் கேட்டு வெள்ளியம்பலம் விம்மி அழுதான்.

"இரண்டும் ஒன்றுதான் என்றாயே. நீ ஏன் அழுகிறாய்?"

"ஒன்றுதான், மன்னா. ஆனால் நான் பழகியது இந்தக் குடத்தோடுதானே."

மன்னர் சிரித்தார். கண்ணீர் தாடியில் இறங்க இறங்கச் சிரித்தார். பரிசாகக் கழற்றித் தர அன்று அவர் கழுத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளியம்பலத்தை அருகே அழைத்து, கொள்ளிக்கட்டையை அவனும் சேர்ந்து பிடிக்கச் சொன்னார்.