பொன்னுத்துரை நிறுத்திய பாட்டு

தூத்துக்குடி பக்கம் கல்யாண வரவேற்புக்கு 'முத்துச்சுடர்' மெல்லிசைக் குழு வருகிறது என்றால், சாப்பிட்டு முடித்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் வந்து உட்காருவார்கள். பாடுகிறவர்களை விட்டால் மேடையில் வாசிப்பவர்கள் இரண்டே பேர். காதில் விழுவதோ பெருங்கூட்டம் வாசிப்பதுபோல இருக்கும். மிச்சத்தையெல்லாம் ஒரு லேப்டாப் பார்த்துக்கொள்ளும்.

குழுவை நடத்துகிறவள் ரெக்ஸலின். முப்பத்தைந்து வயதிருக்கும். கீபோர்டு வாசிப்பாள், லேப்டாப்பில் ஓடவிடும் பின்னணி இசை டிராக்குகளையும் அவளே தயார் செய்வாள். அவளிடம் அந்த வேலையைப் படிக்க வந்தவர் பொன்னுத்துரை, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரிலுள்ள குழுக்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் மாண்டலின் வாசித்தவர். மாண்டலின் லேப்டாப்புக்குள் போய்விட்டது, அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். அவளை அவர் மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இருவருக்கும் இதில் கூச்சம் ஒன்றும் கிடையாது.

மனுஷர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். வயலின் கூட்டம், புல்லாங்குழல், கோரஸ் பாடும் பெண்கள் என்று ஒரு டிராக்கைத் தானே அடுக்கி முடித்த அன்று, மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“மாஸ்டர், இதுகிட்ட எதைக் குடுத்தாலும் வாசிக்குது. அப்ப எதை இதுக்குக் குடுக்க, எதை நாம வச்சுக்கிட?”

ரெக்ஸலின் டிராக்கை முழுசாகக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

“ஞாயித்துக்கிழமை வரவேற்புக்கு நீங்களே லேப்டாப்ல உக்காருங்க அண்ணாச்சி.”

கேட்ட கேள்விக்குப் பதிலைக் காணோம். ஆனால் அந்த நாற்காலிக்காகத்தான் அவர் இத்தனை மாதம் நடையாய் நடந்தார். பதில் யாருக்கு வேண்டும்?

ஞாயிறு மாலை எல்லாம் ஒழுங்காகப் போனது. தாளத்துக்காக லேப்டாப் அனுப்பும் டிக் டிக் சத்தம் டிரம்ஸ் வாசிக்கும் ரொசாரியோவின் இயர்போனில் மட்டும் ஒலிக்கும். அவன் அதைப் பிடித்துக்கொண்டு தட்டுவான். மற்றவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நடுவில் யாருக்காகவும் டிராக் நிற்காது. நிறுத்தினால் இந்தத் தொழிலில் அதைவிட அவமானம் இல்லை. பாட்டு பாதியில் நின்ற சேதி இவர்கள் சாமான் ஏற்றும் முன்பே அடுத்த மண்டபத்துக்குப் போய்விடும். முதல் நாளே அப்படி ஆனால் நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான். பொன்னுத்துரைக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்போது பெண்ணின் அப்பா ததேயு மேடையேறினார். மகளுக்காக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்றார். அவர் சொன்னது பொன்னுத்துரை அடுக்கி வைத்திருந்த அதே பாட்டு. பொன்னுத்துரைக்கு வாயெல்லாம் பல்.

பல்லவி நன்றாகவே வந்தது. முதல் சரணமும் தேறிவிட்டது. இரண்டாவது சரணத்தில் ததேயு மகளைத் திரும்பிப் பார்த்தார். அதோடு கண் நிறைந்து, அடுத்த வரி வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

லேப்டாப்புக்கு அது எங்கே தெரியும்? வயலின்கள் குதித்துக்கொண்டு போயின. மேடையில் இல்லாத நாலு பெண்கள் கணீரென்று கோரஸ் பாடினார்கள். பாடுவது யார் என்று முன்வரிசையில் சிலர் எட்டிப் பார்த்தார்கள். ததேயு எப்படியாவது பாட்டைப் பிடித்துவிட வாயைத் திறந்தார். பாட்டு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் முகம் சுருங்கியது பொன்னுத்துரையின் கண்ணில் பட்டது.

மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கீபோர்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்றுதான் முதல் நாள். இருந்தாலும் அவர் டிராக்கின் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து, முழுவதுமாக நிறுத்தினார். ரொசாரியோவின் காதிலிருந்த டிக் டிக்கும் நின்றது. அவன் குச்சியைத் தூக்கியபடியே விழித்தான். ரெக்ஸலினும் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பந்தி நடக்கும் பக்கத்திலிருந்து கரண்டிச் சத்தம் மட்டும் வந்தது. யாரும் ததேயுவை அவசரப்படுத்தவில்லை.

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். மகளைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். பிறகு விட்ட வரியிலிருந்தே எடுத்தார், சுருதி கொஞ்சம் இறங்கி. ரெக்ஸலின் ஒற்றை விரலால் அந்தச் சுருதியைத் தேடிப் பிடித்தாள். ரொசாரியோ குச்சியை வைத்துவிட்டு விரலால் தட்டினான். ததேயு பாட்டை நிறுத்திய இடத்தில் இருவரும் நின்றார்கள், அவர் எடுத்தபோது கூடவே போனார்கள். பாட்டு முடிவதற்குள் மணப்பெண் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தனை நேரமும் பொன்னுத்துரைக்கு வாசிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் இந்தக் குழுவில் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாண்டலினில் கைதட்டல் வாங்கிய காலத்திலும் அவர் இப்படி நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்ததில்லை.

எல்லாம் முடிந்து ஒயரைச் சுற்றும்போதுதான் பயம் பிடித்தது. மாஸ்டரிடம் போய் நின்றார். டிராக்கை நிறுத்தியது தப்புதான், குழுவின் பெயர் என்னாகுமோ என்றார். அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அவரு அழுதுக்கிட்டு நின்னப்ப, மேடையில யாருமே ஒண்ணும் வாசிக்கலையே மாஸ்டர்.”

ரெக்ஸலின் நிமிர்ந்து பார்த்தாள்.

“வாசிச்சோம்லா அண்ணாச்சி. அவருக்காகக் காத்திருந்தோமே, அதை மட்டும் லேப்டாப்புக்குக் குடுத்திராதிய.”