தவசிக்கண்ணுவின் பாதி மீசை

நெட்டிக்குளத்துக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சொன்ன சொல்லைத் தட்டாத ஜனங்கள். 'கதவைச் சாத்திவிட்டு வா' என்றால், உள்ளே நின்றபடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டு, கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து சேருவார்கள்.

அந்த ஊர் நடுவில் ஒரு கல்மண்டபம் உண்டு. நானூறு வருஷத்துப் பழசு. உலகத்துப் பழஞ்சின்னங்களையெல்லாம் பட்டியல் போடுகிற ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்புக்காக, ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து, அங்கேயே அச்செடுத்து ஊர்த்தலைவர் சேவுகன் அம்பலத்தின் கையில் கொடுத்தார்.

"இந்த மண்டபம் உலகப் பட்டியல்ல சேரணும்னா, இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். எதையும் கூட்டாதீங்க, குறைக்காதீங்க, மாத்தாதீங்க. அடுத்த மாசம் வெளிநாட்டுக் குழு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் கூடிப் போட்டோவைப் பார்த்தது. மண்டபத்துப் படியில் பேச்சி காயப்போட்ட மிளகாய். பக்கத்தில் ஒரு ஒல்லி ஆடு, தூணில் ஒட்டிய போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. நடுவே சவரக்காரர் அரியமுத்து, கையில் கத்தியோடு. அவர் முன்னால் தவசிக்கண்ணு, வலப்பக்க மீசை போய், இடப்பக்க மீசையோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, மிச்சத்தையும் எடுத்துருங்க" என்றான் தவசிக்கண்ணு.

"தொடாதே அரியமுத்து!" என்று அம்பலம் கத்தினார். "குறைக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லல?"

தவசிக்கண்ணு பாவம். முப்பத்தாறு வயசு. மூன்று இடத்தில் பேசித் தட்டிப்போய், நாலாவதாக ஓலைக்குடி காத்தாயி அமைந்திருந்தாள். பெண் பார்க்கப் போனபோது அவள் இவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. மீசையை எடுத்தால் வயசு குறைந்து தெரியும் என்றுதான் சவரத்துக்கு வந்தான். கல்யாணத்துக்கு இருபதே நாள்.

"பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா நான் செத்தேன் மாமா" என்று அழுதான்.

"சாகாதே. ஒரு ஆள் குறைஞ்சிரும்" என்றார் அம்பலம்.

மறுநாளிலிருந்து வேலை மும்முரமாக நடந்தது. ஆடு போஸ்டரைத் தின்று தீர்க்கத் தீர்க்க, புதுப் போஸ்டர் ஒட்டினார்கள். ஐந்து நாளில் ஆடு கொழுத்துவிட்டது.

"படத்துல ஒல்லியால்ல இருக்கு? பட்டினி போடுவோம்" என்றார் அரியமுத்து.

"படத்துல தின்னுக்கிட்டுல்ல இருக்கு? எப்படிப் பட்டினி போடுவ?" என்றாள் பேச்சி.

அரை நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தின்பதற்கு ஒரு ஆடு, ஒல்லியாக இருப்பதற்கு ஒரு ஆடு என்று இரண்டு ஆடுகளை மாற்றி மாற்றி நிறுத்தினார்கள்.

பத்தாம் நாள் மழை வந்தது. மிளகாய் நனையாமல் இருக்க எட்டுப் பேர், படத்தின் விளிம்புக்கு வெளியே நின்றபடி தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார்கள். நடுவில் தண்ணீர் தேங்கி, தார்ப்பாய் கிழிந்து, மிளகாயெல்லாம் தெருவில் ஓடிற்று. பொறுக்கி வந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள். ஒரு மிளகாய் மிஞ்சியது. கூட்டக் கூடாதே! ஊர்ப் பொறுப்பு என்று அதை அம்பலமே தின்றார். அன்று முழுக்க அவர் பேசவில்லை.

தவசிக்கண்ணுவுக்குத் தினமும் காலையில் வலப்பக்கம் மழித்து, இடப்பக்கத்தை அளந்து வெட்டினார்கள். கல்யாண நாள் வந்தது. ஊர் வழக்கப்படி மண்டபத்தில்தான் தாலி கட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

"மாப்பிள்ளை படத்துல இருக்கான். பொண்ணு படத்துல இல்லையே" என்றார் அம்பலம்.

ஆகவே மாப்பிள்ளையைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்து, எதிரே கத்தியோடு அரியமுத்துவையும் நிறுத்தினார்கள். காத்தாயியைப் படத்தின் விளிம்புக்கு வெளியே மணை போட்டு உட்கார வைத்தார்கள். கைக்கும் கழுத்துக்கும் இரண்டு முழம் தூரம் இருந்தது.

ஓலைக்குடிக்காரர்களும் படத்தின் விளிம்புக்கு வெளியே, மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வலப்பக்கம் இருந்த பெண்ணின் அப்பா உடையப்பன், "மீசை இல்லாட்டியும் மாப்பிள்ளை லட்சணம்தான்" என்றார்.

இடப்பக்கம் இருந்த தாய்மாமன் சொக்கன் எழுந்தார். "மச்சான், கண்ணு தெரியலையா? மீசை கருகருன்னு இருக்கே!"

"இல்லாத மீசை எங்கய்யா கருகருன்னு இருக்கும்?"

"அப்ப மாப்பிள்ளைய மாத்திட்டாங்க! பொண்ண எழுப்புங்க!"

தவசிக்கண்ணுவுக்கு உயிரே போய்விட்டது. திரும்பி முகத்தைக் காட்டலாம் என்றால், படத்தில் அவன் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் குழுவின் ஜீப் வந்து நின்றது. போட்டோ எடுத்த அம்மாவுக்கு மாற்றலாகிவிட்டதாம். கூட வந்தவர் ஒரு புது மொழிபெயர்ப்பாளர்.

வெள்ளைக்காரத் துரை மண்டபத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மாப்பிள்ளையிடம் போய், "ஏன் பாதி மீசை?" என்று கேட்டார்.

"இப்படியேதான் இருக்கணும்னு எங்களுக்கு உத்தரவுங்க. உசுரே போனாலும் மாத்த மாட்டோம்" என்றார் அம்பலம்.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் தொட்டுப் பார்த்து, நூறு படம் எடுத்தார். அதைப் பார்த்த சொக்கன், "மச்சான், பாதி மீசைன்னா பெரிய அந்தஸ்து போல" என்றார். உடையப்பனும் தலையாட்டினார். காத்தாயிக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. இரண்டு முழம் எட்டிக் கழுத்தை நீட்டித் தாலியை வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் பட்டயம் வந்தது. அதில் மண்டபத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. 'நெட்டிக்குளத்தின் பாதி மீசைக் கல்யாணம் உலகத்தின் சொத்து. ஆண்டுதோறும் இதே நாளில், எதுவும் மாறாமல், இதை நடத்தி வர வேண்டும்' என்று எழுதியிருந்தது.

ஊர் அதை நிறைவேற்றியது. வருஷா வருஷம் தவசிக்கண்ணுவுக்கும் காத்தாயிக்கும் கல்யாணம் நடந்தது. பெண் கேட்டுப் போவது, தட்டு மாற்றுவது, சொக்கன் சண்டை போடுவது, எதையும் அவர்கள் விடவில்லை. மூன்று இடத்தில் தட்டிப்போனவனுக்கு ஆறு கல்யாணம் ஆகிவிட்டதில் அவனுக்கும் சந்தோஷம்தான்.

ஏழாம் வருஷம் பெண் கேட்க ஓலைக்குடிக்குப் போனபோது, உடையப்பன் தட்டை வாங்கவில்லை. அதை அம்பலத்தின் பக்கமே தள்ளிவைத்தார்.

"மன்னிக்கணும் அம்பலம். மாப்பிள்ளைக்கு நாப்பது தாண்டிருச்சு. போதாததுக்கு மூணு புள்ளைக்குத் தகப்பன். தெரிஞ்சே எம் பொண்ண அங்க கொடுக்க எனக்கு மனசு வரல."

தவசிக்கண்ணு இடிந்துபோய் உட்கார்ந்தான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த காத்தாயிதான் அவனைத் தேற்றினாள்.

"அழாதீங்க. அப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. வாங்க, பக்கத்து ஊர்ல நானே உங்களுக்கு ஒரு பொண்ணு பாக்குறேன்."